டோட்டோவை யார் கையில் கொடுப்பது? பழைய மாயக்கதையைக் குடும்ப கேமாக்கும் முறை

நாவலை வீடியோ கேமாக்க வேண்டும் என்று வருபவர்கள் பெரும்பாலும் ஒரு அத்தியாயப் பட்டியலோடு வருகிறார்கள். முதல் அத்தியாயம் முதல் லெவல், அடுத்தது அடுத்த லெவல், நடுநடுவே பேச்சுக் காட்சி, கடைசியில் ஒரு பெரிய வில்லி. அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிடுங்கள். கேமுக்குக் கதையின் வரிசை அவ்வளவு முக்கியமில்லை. அந்த உலகத்தில் எது செல்லும், எது செல்லாது என்கிற சட்டம்தான் முக்கியம். நல்ல மாயக்கதையில் அந்தச் சட்டத்தை எழுத்தாளரே எழுதி வைத்திருப்பார். நமக்குத் தோண்டி எடுக்கிற வேலைதான்.

நான் லெவல் வடிவமைப்பும் வசனமும் பார்க்கிறவள். எங்களுடையது சின்னக் குழு. ஒருவர் படம் வரைகிறார், ஒருவர் கோட் எழுதுகிறார், மிச்சமெல்லாம் என் தலையில். நாங்கள் எடுத்துக்கொண்ட புத்தகம் எல். ஃபிராங்க் பாம் எழுதிய ‘ஓஸின் அற்புத மந்திரவாதி’. 1900-இல் சிகாகோவில் வந்தது, மொத்தம் 24 அத்தியாயம். கான்சாஸ் புல்வெளியில் இருந்த டாரத்தி என்ற சிறுமியையும் டோட்டோ என்ற நாயையும் சூறாவளி வீட்டோடு தூக்கிக்கொண்டு போய் ஓஸ் நாட்டில் போடுகிறது. ஊருக்குத் திரும்ப வழி கேட்டு, மரகத நகரத்தில் இருக்கிற ஓஸ் என்ற மந்திரவாதியைத் தேடிப் போகிறாள். வழியில் சோளக்கொல்லை பொம்மை, தகர மரவெட்டி, கோழைச் சிங்கம் மூவரும் சேர்கிறார்கள். இதை வைத்தே சொல்கிறேன். நீங்கள் வேறு நாவல் எடுத்தாலும் வேலை செய்யும் முறை இதுதான்.

முதலில் உரிமை

பாம் 1919-இல் காலமானார். அமெரிக்காவில் இந்த நாவலின் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு என்ற கணக்கிலும் முடிந்துவிட்டது. முதல் பதிப்புக்குப் படம் வரைந்த டபிள்யூ. டபிள்யூ. டென்ஸ்லோ 1915-இல் இறந்தார். அவர் படங்களையும் தாராளமாகப் பார்த்து வரையலாம்.

பொறி இருப்பது வேறு இடத்தில். ஓஸ் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது 1939-இல் வந்த எம்.ஜி.எம். படம். அந்தப் படத்தின் உரிமை அமெரிக்காவில் 2034 முடியும்வரை உயிரோடு இருக்கிறது. டாரத்தியின் சிவப்புக் கல் செருப்பு அந்தப் படத்துக்காகச் செய்தது. நாவலில் அவளுக்கு வெள்ளிச் செருப்பு. பச்சைத் தோல் சூனியக்காரி, எல்லாம் கனவு என்கிற முடிவு, பாட்டுகள் எல்லாம் படத்தினுடையவை. நாவலில் வில்லியான மேற்குச் சூனியக்காரிக்கு ஒரே ஒரு கண், கையில் எப்போதும் ஒரு பழைய குடை. ஆகவே ஓவியர் கையில் முதல் நாளே நாவலைக் கொடுங்கள். கூகுள் படத்தேடலை நம்பி ஒரு கோடுகூட இழுக்க விடாதீர்கள். இன்னொன்று: மூலத்தின் உரிமை முடிந்து பொதுச்சொத்து ஆகிவிட்டது என்பதால் அதன் தமிழ் மொழிபெயர்ப்பும் பொதுச்சொத்து ஆகிவிடாது. மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை உண்டு. வசனங்களை மூலத்திலிருந்து நீங்களே எழுதுங்கள். பணம் வாங்கி விற்கப்போகிறீர்கள் என்றால் அதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

கதையைப் படிக்காதீர்கள், கைகளைப் படியுங்கள்

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நாவலை வாசியுங்கள். பக்கத்துக்குப் பக்கம் யார் உடம்பால் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள். என்ன நினைத்தார்கள், என்ன பேசினார்கள் என்பதெல்லாம் வேண்டாம். தாண்டினான், வெட்டினான், எண்ணெய் விட்டாள், வைக்கோல் அடைத்தாள், தூக்கிக்கொண்டு போனார்கள். இந்தப் பட்டியல்தான் உங்கள் கன்ட்ரோலரில் இருக்கப்போகிற பட்டன்கள்.

ஓஸ் நாவலை இப்படிப் படித்தால் ஒரு விஷயம் துருத்திக்கொண்டு நிற்கும். சோளக்கொல்லை பொம்மை தனக்கு மூளை இல்லை என்று புலம்புகிறான். ஆனால் வழியில் வருகிற சிக்கலுக்கெல்லாம் யோசனை சொல்வது அவன்தான். பள்ளத்தைத் தாண்ட மரத்தை வெட்டிச் சாய்க்கச் சொல்வது அவன். ஆற்றைக் கடக்கத் தெப்பம் கட்டச் சொல்வது அவன். பூக்காட்டில் தூங்கிவிட்ட சிங்கத்தை இழுக்க வண்டி செய்யச் சொல்வதும் அவன்தான். தகர மரவெட்டி இதயம் இல்லை என்கிறான், ஆனால் வழியில் ஒரு வண்டை மிதித்துவிட்டு அழுது, கண்ணீரில் தாடை துருப்பிடித்து வாய் பூட்டிக்கொள்கிறது. சிங்கம் கோழை என்கிறது, ஆனால் ஒவ்வொருவராக முதுகில் ஏற்றிக்கொண்டு இன்னொரு பள்ளத்தைத் தாண்டுவது அதுதான்.

நாவலின் உயிர்நாடியே இதுதான். இதை ஒரு வசனத்திலும் சொல்லக் கூடாது. ஆடுகிறவர் கை வழியாக வர வேண்டும். எங்கள் கேமில் யோசனை வேண்டுமென்றால் பொம்மையைத்தான் கேட்க வேண்டும். குறிப்புத் தருகிற பட்டனே அவன்தான். அவன் தலையைச் சொறிந்துகொண்டு ‘எனக்கு மூளை கிடையாது, இருந்தாலும்...’ என்று ஆரம்பித்துச் சரியான வழியைச் சொல்வான். தகர மரவெட்டியாக நடக்கும்போது பாதையில் எறும்பும் வண்டும் ஊர்ந்துகொண்டிருக்கும். மிதித்தால் புள்ளி குறையாது, வாய்தான் பூட்டிக்கொள்ளும். யாராவது வந்து எண்ணெய் விடும்வரை அவனால் பேச முடியாது. குழந்தைகள் இதை ஒரே தடவையில் பிடித்துக்கொள்கிறார்கள். அப்புறம் யாரும் சொல்லாமலே கீழே பார்த்து நடக்கிறார்கள். நாவலில் அந்த வண்டுக்குப் பிறகு தகர மரவெட்டியும் அப்படித்தான் நடக்கிறான்.

தயவுசெய்து கதாபாத்திரத் திரையில் ‘அறிவு 2, வீரம் 1’ என்று நட்சத்திரம் போடாதீர்கள். போட்டால் கதை செத்தது.

அடியும் வெட்டும்: நாவலே விடை தருகிறது

பாம் தன் முன்னுரையில், வியப்பையும் மகிழ்ச்சியையும் வைத்துக்கொண்டு மனவேதனையையும் கெட்ட கனவையும் விட்டுவிட்ட புதுக் காலத்துக் கதை இது என்று எழுதியிருக்கிறார். பன்னிரண்டாம் அத்தியாயத்துக்குப் போனால் மேற்குச் சூனியக்காரி ஏவிவிட, தகர மரவெட்டி 40 ஓநாய்களின் தலையைக் கோடரியால் வெட்டிக் குவிக்கிறான், பொம்மை 40 காக்கைகளின் கழுத்தைத் திருகிப் போடுகிறான். மனிதர் எதைக் கெட்ட கனவு என்று நினைத்தாரோ!

சும்மா வெட்டி எறிந்துவிட்டால் அத்தியாயம் காலியாகிவிடும். தலை வெட்டுவதற்குப் பதில் ஓநாய்கள் புகையாக மறையும் என்று செய்வது சோம்பேறித்தனம். அது வெட்டேதான், ரத்தம் மட்டும் இல்லை. உள்ளே போய்ச் சட்டத்தைத் தேடுங்கள். இங்கே மூன்று கிடைத்தன.

முதலாவது, வடக்கின் நல்ல சூனியக்காரி டாரத்தியின் நெற்றியில் கொடுக்கிற முத்தம். அந்த முத்தத்தின் அடையாளம் இருக்கிறவரை அவளை யாரும் தொட முடியாது. மேற்குச் சூனியக்காரி ஏவிய, சிறகு முளைத்த குரங்குகளே அதைப் பார்த்துவிட்டு அவளைப் பூப்போல இறக்கி வைக்கின்றன. அப்படியென்றால் நாயகிக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டுகிற உயிர்ப்பட்டையே தேவையில்லை! குழந்தைகள் கேமில் தலையை உடைக்கிற கேள்வியை 1900-இலேயே ஒருவர் முடித்து வைத்திருக்கிறார்.

இரண்டாவது, தோழர்களுக்குச் சாவு இல்லை, கெட்டுப்போவதுதான் உண்டு. பொம்மையிடம் வைக்கோல் உருவப்பட்டால் திரும்ப அடைத்துக்கொள்ளலாம். தகரம் நசுங்கினால் தட்டி நிமிர்த்தலாம். சிங்கம் தூங்கிப்போகும், அவ்வளவுதான். நாங்கள் ‘தோற்றுவிட்டாய்’ திரையையே வைக்கவில்லை. வைக்கோல் கொட்டினால் மற்றவர் பொறுக்கி வந்து அடைக்க வேண்டும். துரு ஏறினால் டாரத்தியின் கூடையில் இருக்கிற எண்ணெய்க் குப்பியை எடுக்க வேண்டும். தோல்வி என்பது இன்னொருவரைச் சரிசெய்கிற வேலையாகிவிடுகிறது. இரண்டு பேர் சேர்ந்து ஆடும்போது இதில்தான் சிரிப்பு அதிகம்.

மூன்றாவது, விசில். மேற்குச் சூனியக்காரியின் கழுத்தில் ஒரு வெள்ளி விசில் தொங்குகிறது. ஒரு தடவை ஊதினால் ஓநாய், இரண்டு தடவை ஊதினால் காக்கை, மூன்று தடவை என்றால் கருந்தேனீக் கூட்டம். இதைவிட நல்ல எச்சரிக்கை ஒலி நாம் யோசித்தாலும் வராது. விசிலை எண்ணினால் யாரை முன்னால் நிறுத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். ஓநாய் என்றால் தகரம் முன்னால். கோடரிக் காம்பால் நெஞ்சில் தட்டுவான், சத்தத்தில் மிரண்டு ஓடும், கடித்தவற்றுக்குப் பல் கூசும். காக்கை என்றால் பொம்மை கையை விரித்து நிற்க வேண்டும். வயலில் இருந்த காலத்தில் ஒரு கிழட்டுக் காக்கை அவனைக் கண்டுபிடித்துக் கேலி செய்த கதையை முன்பே சொல்லியிருக்கிறான். இப்போது அவன் அசையாமல் நின்று ஜெயிப்பதில் பழைய கணக்கு ஒன்று தீர்கிறது. தேனீ என்றால் நாவலில் இருக்கிறபடியே: வைக்கோலை உருவி டாரத்தி, டோட்டோ, சிங்கம் மூவர் மேலும் மூடிவிட்டு, தகரத்தை மட்டும் வெளியே நிறுத்த வேண்டும். காது கேட்காத குழந்தைக்காக விசிலுக்கு ஏற்பத் திரை ஓரம் மின்னும், கன்ட்ரோலர் அதிரும். இதை விட்டுவிடாதீர்கள்.

சூனியக்காரியின் அடுப்படி

இந்த ஒரு லெவலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாவலின் சட்டத்தை கேமின் சட்டமாக்குவது என்றால் என்ன என்பதற்கு இதுதான் எங்களுக்கு அளவுகோல்.

நாவலில் டாரத்தி சிறைப்பட்டு அடுப்படி வேலை செய்கிறாள். பாத்திரம் துலக்குகிறாள், தரை பெருக்குகிறாள், அடுப்புக்கு விறகு போடுகிறாள். சிங்கத்தை முற்றத்தில் அடைத்துப் பட்டினி போட்டிருக்கிறார்கள். ராத்திரியில் அலமாரியிலிருந்து சாப்பாடு எடுத்துப் போய் அதற்குக் கொடுக்கிறாள். சூனியக்காரிக்கு வெள்ளிச் செருப்பின் மேல் கண். ஆனால் ராத்திரியில் திருட வர மாட்டாள், இருட்டு என்றால் பயம். குளிக்கும்போதும் வர மாட்டாள், தண்ணீர் என்றால் அதைவிடப் பயம். அவள் தண்ணீரைத் தொடுவதே இல்லை.

இந்த இரண்டு பயத்தையும் எதிரியின் நடமாட்ட விதியாக அப்படியே எழுதினோம். பகலில் அவள் வீடெங்கும் சுற்றுவாள். விளக்கு எரியாத அறைக்குள் வர மாட்டாள். ஈரத்தரையில் கால் வைக்க மாட்டாள், சுற்றிக்கொண்டு போவாள். வேறு எதுவும் சொல்லித் தரவில்லை. ஆடுகிற குழந்தைக்குக் கொடுத்த வேலை தரை துடைப்பது. துடைத்துக்கொண்டே போனால், தான் துடைத்த பக்கம் அவள் வருவதில்லை என்பது தானாகத் தெரியும். ஒரு சிறுவன் அடுப்படி வாசலில் குறுக்கே ஒரு ஈரக்கோடு போட்டுவிட்டு, உள்ளே உட்கார்ந்து சிங்கத்துக்கு ரொட்டி திருடிக்கொண்டிருந்தான். அவனுக்கு வாளியும் துடைப்பமும் ஆயுதமாகிவிட்டன. யாரும் ஆயுதம் என்று சொல்லவில்லை.

வீட்டை வரையும்போதும் இதையே நினைவில் வைத்தோம். முற்றத்தில் கிணறு உண்டு, ஆனால் அவள் அறையிலிருந்து வெகு தூரத்தில். அவள் அறையில் கூஜா இல்லை, பூச்சாடி இல்லை, ஜன்னலெல்லாம் அடைப்பு. வீட்டுக்குள்ளும் குடையை விடாமல் வைத்திருக்கிறாள். அடுப்படியில் எப்போதும் ஒரு விளக்கு எரிகிறது. கூர்ந்து பார்க்கிற பெரியவர்களுக்கு அது போதும்.

கடைசி நாள். நாவலில் அவள் கண்ணுக்குத் தெரியாத இரும்புக் கம்பி ஒன்றைத் தரையில் போடுகிறாள். டாரத்தி தடுக்கி விழ, ஒரு செருப்பு கழன்று அவள் கைக்குப் போகிறது. டாரத்திக்குக் கோபம் தலைக்கேறிப் பக்கத்தில் இருந்த வாளியைத் தூக்கி ஊற்றிவிடுகிறாள். இந்த இடத்தில் எல்லாருக்கும் வருகிற ஆசை ஒரு சினிமாக் காட்சி போட்டுவிடலாம் என்பது. கூடாது. இத்தனை நேரம் தண்ணீர் தெளித்த அதே பட்டன்தான், திரையில் எந்தக் குறிப்பும் வராது, வாளி கையில் இருக்கிறது, அவள் செருப்பைப் பிடுங்கிக்கொண்டு சிரிக்கிறாள். குழந்தையே அழுத்த வேண்டும். அழுத்தாமல் நின்றாலும் ஒன்றும் கெடாது. அவள் செருப்பைக் காலில் மாட்டிப் பார்த்துப் பீற்றிக்கொண்டே இருப்பாள். எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்கள்?

கொன்ற உணர்ச்சி குழந்தைக்கு வரக் கூடாது என்பதில் கவனமாக இருங்கள். இதற்கும் மூலமே வழி காட்டுகிறது. டாரத்திக்கு அவள் கரைவாள் என்று தெரியாது. கரையக் கரைய மன்னிப்புக் கேட்கிறாள். சூனியக்காரி பழுப்புச் சர்க்கரை கரைவது போலக் கரைகிறாள், முழுப் பேச்சும் பேசிக்கொண்டே. பிறகு டாரத்தி இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றி வாசல் வழியே வெளியே தள்ளிப் பெருக்கிவிட்டு, செருப்பைத் துணியால் துடைத்து மாட்டிக்கொள்கிறாள். நாங்கள் அந்தப் பெருக்கலையும் ஆடவைத்தோம். வில்லியை முடித்தபின் தரை துடைக்கச் சொல்கிற கேம் வேறு உண்டா என்று தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த அம்மாக்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

பச்சைக் கண்ணாடி

மரகத நகர வாசலில் காவலன் எல்லாருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பூட்டிவிடுகிறான். நகரம் பச்சையாக இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். புரோகிராமர் காதில் போட்டால் குதிப்பார்: நகரம் முழுவதையும் வெளிர் நிறத்தில் செய்துவிட்டு, மேலே ஒரு பச்சை ஃபில்டர் போட்டால் போதும்.

நகைச்சுவை எங்கே என்றால், அரண்மனையில் டாரத்திக்குப் பச்சைப் பட்டு உடை கொடுக்கிறார்கள், டோட்டோ கழுத்தில் பச்சை நாடா கட்டுகிறார்கள். வாசலில் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் இரண்டும் வெள்ளை. நாவல் அதற்கு விளக்கம் சொல்லாமல் நடந்துபோகிறது. நீங்களும் நடந்துபோங்கள். ஒரு வசனம், ஒரு கேமரா நெருக்கம், எதுவும் வேண்டாம். கவனித்த குழந்தை பக்கத்தில் இருப்பவரை முழங்கையால் இடிக்கும்.

டோட்டோ

குடும்ப கேம் என்றால் பெரும்பாலும் ‘ரத்தம் இல்லாத கேம்’ என்றே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது போதாது. வீட்டில் ஒரே டிவி, பத்து வயதுப் பெண் ஒருத்தி, ஐந்து வயதுத் தம்பி ஒருத்தன், அப்பாவோ அத்தையோ ஒருவர். தம்பி ‘நானும் நானும்’ என்பான். அவனிடம் இணைப்பில்லாத கன்ட்ரோலரைக் கொடுத்து ஏமாற்றுவது எல்லா வீட்டிலும் நடக்கிற மோசடி. அவனுக்கென்று ஒரு வேலை இருக்க வேண்டும்.

எங்கள் கேமில் கடைசிக் கன்ட்ரோலர் டோட்டோ. ஓடலாம், குரைக்கலாம், மண்ணைத் தோண்டலாம். ஒரே ஓர் இடம் தவிர எந்தப் புதிருக்கும் டோட்டோ கட்டாயமில்லை, எந்தப் புதிரையும் டோட்டோவால் கெடுக்கவும் முடியாது. தூரமாகப் போய்விட்டால் தானாகக் கூடைக்குள் வந்துவிடும். கேமரா டாரத்தியைத்தான் பின்தொடரும்.

அப்படியே வந்து சிம்மாசன மண்டபம். மந்திரவாதி ஓஸ் முன்பு டாரத்திக்குப் பெரிய தலையாகவும், பொம்மைக்கு அழகிய பெண்ணாகவும், மரவெட்டிக்குப் பயங்கர மிருகமாகவும், சிங்கத்துக்கு நெருப்புக் கோளமாகவும் தெரிந்தவன். இந்த முறை குரல் மட்டும் வருகிறது, ஆள் இல்லை. சிங்கம் கர்ஜிக்க, டோட்டோ மிரண்டு குதித்து மூலையில் இருந்த தட்டியைத் தள்ளிவிடுகிறது. பின்னால் நிற்பது வழுக்கைத் தலைக் கிழவர் ஒருவர். ஒமாஹாவில் பிறந்து, பலூனில் பறந்து வந்த வித்தைக்காரர்.

அந்தத் தட்டியை டோட்டோவால் மட்டுமே தள்ள முடியும் என்று வைத்தோம். பெரியவர்கள் மண்டபமெல்லாம் தேடுவார்கள், பொம்மையிடம் யோசனை கேட்பார்கள், அவன் முதல் தடவையாக ‘தெரியவில்லை’ என்பான். கேம் முழுக்கச் சும்மா குரைத்துக்கொண்டிருந்த ஐந்து வயதுக்காரன்தான் மாபெரும் ஓஸை அம்பலப்படுத்துகிறான். தனியாக ஆடுகிறவர்களுக்கு அந்த இடத்தில் கன்ட்ரோலரே டோட்டோவுக்கு மாறிவிடும். ஓஸ் ஏமாற்றுக்காரன் என்பது பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும். இது வேறு விதமாக உறைக்கும்.

நாவலில் ஓரமாக இருக்கிற பாத்திரத்தை எடுத்து ஆடுபவரிடம் கொடுப்பது புதிதில்லை. ஜூல்ஸ் வெர்னின் உலகம் சுற்றும் நாவலை வைத்து ‘80 டேஸ்’ என்று இங்கிள் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட கேமில், உலகம் சுற்றும் எஜமானாக நாம் ஆடுவதில்லை, அவருடைய வேலைக்காரனாகத்தான் ஆடுகிறோம். பெட்டி கட்டுவதும் டிக்கெட் பிடிப்பதும் அவன் வேலை என்பதால் முடிவுகளும் அவன் கையில். அடாப்டேஷன் செய்ய நினைப்பவர்கள் அதை ஒருமுறை ஆடிப் பார்த்துவிட வேண்டும்.

எதை வெட்டுவது

ஓஸின் குட்டு வெளிப்பட்டு அவர் பலூனில் போனபின், தெற்கின் நல்ல சூனியக்காரி கிளிண்டாவைத் தேடி இன்னொரு பயணம் இருக்கிறது. சண்டைக்கார மரங்கள், பீங்கான் நாடு, பெரிய சிலந்தி, சுத்தியல் தலையர்கள் என்று வரிசையாக வரும். படிக்கும்போது சுவைதான். கேமில் பெரிய முடிச்சு அவிழ்ந்தபின் நாலு லெவல் என்றால் ஆள் எழுந்து போய்விடுவார். சிலந்தியைத் தயங்காமல் எடுத்தோம். மரங்களைப் பாதையில் ஒரு சின்னத் தடையாகச் சுருக்கினோம்.

பீங்கான் நாட்டை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லாமே பீங்கான், மனிதர்கள் முழங்கால் உயரம். மாடு உதைத்ததில் அதன் காலே உடைகிறது, பால்காரி திட்டுகிறாள். தலைகீழாக நின்று நின்று உடம்பெல்லாம் ஒட்டுப்போட்ட கோமாளி ஒருவன் இருக்கிறான். கிளம்பும்போது சிங்கத்தின் வால் பட்டு ஒரு தேவாலயமே நொறுங்குகிறது. அதுவரை ஓடி, தாண்டிப் பழகிய கைக்கு இங்கே ஓடவே கூடாது என்று சொல்கிறது கேம். எந்த எதிரியும் இல்லாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடுகிற லெவல் இதுதான். உடைந்தால் நின்று ஒட்டிவிட்டுப் போகலாம், ஆனால் ஒட்டுத் தெரியும்.

சூனியக்காரியின் தங்கத் தொப்பியைப் பற்றி ஒரு வரி. அதை வைத்திருப்பவர் மூன்று முறை சிறகு முளைத்த குரங்குகளை அழைக்கலாம். டாரத்தி இரண்டாவது வாய்ப்பில் கான்சாஸுக்குக் கொண்டுபோகச் சொல்லி, குரங்குகள் தங்களால் ஓஸை விட்டு வர முடியாது என்று போய்விட, அதை வீணடிக்கிறாள். குழந்தைகள் இப்படிப்பட்ட பொருளைக் கடைசிவரை பதுக்கி வைப்பார்கள். ஆகவே தொப்பியை இஷ்டப்படி பயன்படுத்த விட வேண்டாம், கதையில் வருகிற இடங்களில் மட்டும் கொடுங்கள். அந்த வீணான ஆசையை மட்டும் அவர்களே கேட்கட்டும்.

தமிழ் எழுத்து திரையில் வர வேண்டுமே

கேமைத் தமிழிலும் கொடுப்பதாக இருந்தால் இதை முதல் வாரமே சோதியுங்கள். ‘கொ’ என்று அடித்தால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் சரியாக உட்கார வேண்டும். கேம் செய்கிற மென்பொருளான கோடோ என்ஜினின் 4-ஆம் பதிப்பு இதைத் தானாகச் செய்கிறது, 3-இல் செய்யாது. யூனிட்டி என்ற இன்னொரு என்ஜினில் எழுத்தைக் காட்டுகிற டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ தன்னால் இதைச் சரியாகக் கோக்காது, அதற்கென்று தனி ஏற்பாடு வேண்டும். நாங்கள் கோடோ 4-க்குப் போனதற்கு இதுவே பெரிய காரணம். பட்டன்களில் ‘எடுக்கவும்’, ‘திறக்கவும்’ என்று அரசாங்க நோட்டீஸ் போல எழுதாமல் எடு, திற, ஊற்று என்று வையுங்கள். இடமும் மிச்சம், குழந்தைக்கும் படிக்க வரும். படிக்கத் தெரியாத டோட்டோ ஆட்டக்காரருக்கு எழுத்தே வேண்டாம், படம் போதும்.

சோதனையும் தரச்சான்றும்

குழந்தைகளை வைத்துச் சோதிக்கும்போது ‘பிடித்ததா?’ என்று கேட்காதீர்கள். எல்லாரும் பிடித்தது என்பார்கள். பேசாமல் பின்னால் உட்கார்ந்து, எந்த இடத்தில் கன்ட்ரோலரைப் பெரியவர் கையில் தள்ளுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பயந்த இடம், அலுத்த இடம் இரண்டும் அங்கேதான். எங்களுக்கு ஆச்சரியம், தகர மரவெட்டி தன் கை, கால், தலை ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டுத் தகரமான கதையைச் சொல்லும்போது முகம் சுளித்தது பெரியவர்கள்தான். குழந்தைகள் ‘அப்புறம்?’ என்றார்கள். அதை ஓவியர் காகித வெட்டுப் படங்களாகச் செய்தார், அப்படியே விட்டுவிட்டோம்.

அவர்கள் உண்மையில் கன்ட்ரோலரைத் தள்ளியது குரங்குகள் வந்து பொம்மையின் வைக்கோலை உருவும் இடத்தில். அவன் வலிக்கவில்லை என்று சொல்ல ஒரு வரி சேர்த்தோம்: ‘மெதுவா உருவுங்கப்பா, கூசுது.’ தள்ளுவது நின்றது.

கூகுள் பிளே போன்ற கடைகளில் ஐ.ஏ.ஆர்.சி. என்ற சர்வதேச வயதுத் தரச்சான்று அமைப்பின் கேள்வித்தாளை நிரப்பினால் ஒவ்வொரு நாட்டுக்கும் உரிய வயதுச் சான்று இலவசமாக வரும். ஐரோப்பாவின் வயதுச் சான்றான பெகி முறையில் சின்னக் குழந்தை பயப்படக்கூடிய காட்சி இருந்தாலே 3 வயது என்பது 7 வயது ஆகிவிடும். ஓஸ் கதைக்கு 7 என்பதே நியாயம், அதற்காகச் சூனியக்காரியை மழுக்காதீர்கள். போதைப்பொருள் பற்றிய கேள்வி வரும்போது அந்தத் தூக்கப் பூக்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நாவலில் அவை கசகசாப் பூக்கள். எங்கள் கேமில் அவை வெறும் சிவப்புப் பூக்கள்தான், பெயரே வராது, வாசம் பிடித்தால் கொட்டாவி வரும். கேள்வித்தாளில் பொய் சொல்ல வேண்டிய நிலையே வராதபடி லெவலைச் செய்துவிட்டால் வேலை சுலபம். டிரெய்லரில் விசிலைப் போடுங்கள், பீங்கான் நாட்டைப் போடுங்கள், சூனியக்காரியின் குடையையும் போடுங்கள். டோட்டோ தட்டியைத் தள்ளுவதை மட்டும் போடாதீர்கள்.